மரணக்குழியில் யாழ் ஒலித்ததா?

உர் அரச கல்லறைகளின் யாழ்கள் குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

லியோனர்ட் வூலியின் அகழாய்வு நூல்களைப் படித்தவர்கள் மறக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. அரச உடல் அடக்கம் செய்யப்பட்டுவிட்டது. பொன்னிலைகளும் நீலக்கல் மணிகளும் சூடிய பெண்கள் சரிவுப்பாதை வழியே வரிசையாகக் குழிக்குள் இறங்குகிறார்கள். ஆளுக்கொரு சிறு கிண்ணத்தில் நஞ்சை முகந்து குடித்துவிட்டு அமைதியாகப் படுத்துக்கொள்கிறார்கள். யாழ்ப்பெண் மட்டும் தன் விரல்கள் ஓயும்வரை மீட்டிக்கொண்டிருக்கிறாள்.

உர் நகரத்து யாழ்களைப் பற்றிய பொதுநூல்கள் பலவும் இந்தக் காட்சியைத்தான் சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றன. காட்சி அழகானது, அதனாலேயே அது ஆராயப்பட வேண்டும். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பலர் ஒரே குழியில் மாண்டுபோன நிகழ்வை, இசையின் துணையோடு நடந்த இனிய சாவாக அது நமக்குக் காட்டுகிறது. அந்த யாழ்கள் குழிக்குள் உண்மையில் ஒலித்தனவா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒலித்தன என்பதற்கு வூலி தந்த சான்றுகள் போதாதவை. அவருடைய பதிவுகளிலேயே அதற்கு மாறான சான்றும் இருக்கிறது என்பது என் முடிவு.

2. மண்ணில் கிடைத்தவை

உர் நகரத்தின் எச்சங்கள் தெற்கு இராக்கில் நாசிரியாவுக்கு அருகே தெல் அல்-முகய்யர் என்ற மண்மேட்டில் புதைந்திருந்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகமும் இணைந்து 1922 முதல் 1934 வரை அங்கே அகழாய்வு நடத்தின. ஏறத்தாழ 2,000 புதைகுழிகள் கொண்ட இடுகாடு ஒன்று வெளிப்பட்டது. அவற்றில் 16 குழிகளை வூலி அரச கல்லறைகள் என்று வகைப்படுத்தினார். காலம் கி.மு. 2600க்கும் 2450க்கும் இடைப்பட்டது என்பது பொதுவான கணிப்பு.

நம் கேள்விக்கு மூன்று குழிகள் முக்கியமானவை. 789ஆம் எண் குழியில் 63 பேர் கிடந்தனர். தலைக்கவசம் அணிந்த வீரர்களும், எருதுகள் பூட்டிய வண்டிகளும் உடனிருந்தன. அருகிலிருந்த 800ஆம் எண் கல்லறை புவாபி என்ற பெண்ணுடையது. அவளுடைய பெயரும் பட்டமும் பொறித்த உருளை முத்திரை உடலோடு கிடைத்தது. அதில் கணவன் பெயர் இல்லை. 1237ஆம் எண் குழியை வூலி 'பெரும் மரணக்குழி' என்றார். அங்கே அவர் எண்ணியது 74 உடல்கள்: 68 பெண்கள், 6 ஆண்கள்.

யாழ்கள் இந்தக் குழிகளில்தான் கிடைத்தன. முழு உருவில் அல்ல. மரம் மக்கிப் போயிருந்தது, நரம்புகளும் போயிருந்தன. எஞ்சியவை பொன், வெள்ளித் தகடுகள், நிலக்கீலில் பதித்த கிளிஞ்சல் துண்டுகள், லாபிஸ் லசூலி நீலக்கல், சிவந்த கல் ஆகியவை மட்டுமே. இங்கே வூலியின் கைத்திறனைப் பாராட்டாமல் மேலே செல்வது நியாயமாகாது. மரம் இருந்த இடத்தில் மண்ணுக்குள் வெற்றிடம் விட்டுப்போயிருப்பதை அவர் கண்டார். அந்தத் துளைகளில் பாரிஸ் சாந்தை ஊற்றி இறுகவிட்டு, கோடும் குறுக்குச்சட்டமும் இருந்த வடிவத்தை மீட்டெடுத்தார். நசுங்கிய பகுதிகளை மெழுகு பூசிய துணியால் கட்டி, மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்தார். அன்று வேறு யாரேனும் மண்வெட்டியோடு நின்றிருந்தால் இந்தக் கருவிகள் உதிரி மணிக்குவியலாகவே நமக்குக் கிடைத்திருக்கும்.

அமைப்பில் இவை நம் சங்க இலக்கியம் பேசும் வில்வடிவ யாழ் அல்ல. பெட்டிபோன்ற பத்தர், அதிலிருந்து மேலெழும் இரண்டு கோடுகள், அவற்றை இணைக்கும் குறுக்குச்சட்டம். நரம்புகள் அந்தச் சட்டத்திலிருந்து இறங்கிப் பத்தரின் முகத்தின்மேல் வந்து முடியும். ஐரோப்பியர் லைர் என்று அழைக்கும் இவ்வகையை இங்கே யாழ் என்றே குறிக்கிறேன். பத்தரின் முன்புறத்தில் ஒரு விலங்கின் தலை துருத்தி நிற்கும். 789இல் கிடைத்த யாழில் பொற்றகடு போர்த்த காளைத்தலை. அதற்கு நீலக்கல்லில் செதுக்கிய அடர்ந்த தாடி. 1237இன் வெள்ளி யாழில் தாடி இல்லாத பசுத்தலை. அதே குழியில் கிடைத்த படகுவடிவ யாழில் தலைக்குப் பதில் நிற்கும் மான். காளை தாழ்ந்த குரலுக்கும் பசு நடுக்குரலுக்கும் மான் உயர்ந்த குரலுக்கும் அடையாளமாக இருக்கலாம் என்று வூலி ஊகித்தார். ஊகம் கவர்ச்சியானது, சோதிக்க வழியில்லை.

பொருள்களின் பயணமும் கவனத்துக்குரியது. உர் நிற்கும் வண்டல் சமவெளியில் பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. நீலக்கல் இன்றைய ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளிலிருந்து வந்தது. அதே இடுகாட்டின் அணிகலன்களில் உள்ள, வெண்கோடு தீட்டிய சூதுபவள மணிகள் சிந்துவெளிக் கைவினைஞர்களின் வேலைப்பாடு.

3. சேராதவற்றைச் சேர்த்த கதை

800ஆம் எண் கல்லறையில் கிடைத்த துண்டுகளை வூலி முதலில் ஒரே கருவியாக ஒட்டவைத்தார். வளைந்த கழுத்தும் காளைத்தலைப் பெட்டியும் கொண்ட அந்தக் கலப்புக் கருவி பல பத்தாண்டுகள் லண்டனில் காட்சிக்கு இருந்தது, பாடநூல்களிலும் இடம்பெற்றது. அது ஒருபோதும் இருந்ததில்லை. அருகருகே கிடந்த ஒரு வில்யாழும் ஒரு பெட்டியாழும் அவை என்பது பின்னர் தெளிவாகி, 1970களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அவற்றைப் பிரித்து மீண்டும் அமைத்தது. இன்று 'அரசியின் யாழ்' என்று அங்கே நிற்பது அப்படிப் பிரிந்து வந்த கருவி.

'அரசியின்' என்ற சொல்லும் இப்போது உறுதியாக இல்லை. யாழ் கிடந்தது புவாபியின் அறையில் அல்ல, வெளியே இருந்த குழியில். குழியின் தரைமட்டம் அறையின் தரைமட்டத்தைவிட வெகுவாக உயர்ந்திருக்கிறது. இந்த வேறுபாட்டை மறுஆய்வு செய்த பால் சிம்மர்மன், அந்தக் குழி புவாபியுடையதே அல்ல, நாம் அடையாளம் காணாத வேறொரு கல்லறைக்குரியது என்று 1998இல் வாதிட்டார். எனக்கு அவர் வாதம் வலுவாகவே படுகிறது. அது சரியென்றால், அந்த யாழுக்கும் அரசிக்கும் உள்ள தொடர்பு நாம் வைத்த பெயரில் மட்டுமே இருக்கிறது.

இவற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அருகில் கிடந்தவற்றை ஒன்றாக்கி ஒரு முழுமையைக் காண்பது வூலியின் பலம். அவர் சறுக்கிய இடமும் அதுவே. கருவியில் நடந்தது சாவின் காட்சியிலும் நடந்திருக்கலாம்.

4. ஒலியை எங்கே தேடுவது

கருவிகள் வெறும் அலங்காரப் பொருள்கள் அல்ல, வாசிக்கத்தக்கவை என்பதில் ஐயத்துக்கு இடம் குறைவு. வெள்ளி யாழின் குறுக்குச்சட்டத்தில் நரம்புகளை முறுக்க உதவிய வெள்ளிக் குழல்கள் 11 உள்ளன. இதே இடுகாட்டின் 779ஆம் கல்லறையில் கிடைத்த 'உர் நகரக் கொடி' என்ற பெட்டியின் விருந்துக் காட்சியில், காளைத்தலை யாழை ஏந்தி ஒருவன் மீட்டுகிறான். அருகே நீண்ட கூந்தலோடு ஒரு பாடகர் நிற்கிறார். அந்தப் பெட்டியே ஓர் இசைக்கருவியின் பத்தராக இருந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

ஆனால் எந்தப் பண்ணில், எந்தச் சுருதியில்? இங்கே பலர் அவசரப்படுகிறார்கள். யாழுக்குச் சுருதி சேர்க்கும் முறையைச் சொல்லும் ஆப்பெழுத்துப் பலகை ஒன்று உர் நகரிலேயே கிடைத்தது. ஒலிவர் கர்னி 1968இல் அதை வெளியிட்டார். ஏழு பண்நிலைகளை ஒன்றிலிருந்து ஒன்றாக மாற்றும் வழியை அது விளக்குகிறது. மெசொப்பொத்தேமிய இசையியலுக்கு அது விலைமதிப்பற்ற சான்று. எனினும் அதன் காலம் கி.மு. 1800ஐ ஒட்டியது, அது பேசுவது 9 நரம்புக் கருவியை. எழுநூறு ஆண்டுக்குப் பிந்திய விதியை 11 குழல் கொண்ட யாழின்மேல் ஏற்றி 'உர் அரசியின் இசை' என்று இசைப்பது, கேட்க இனிதாக இருந்தாலும், ஆய்வாகாது.

தமிழ் வாசகருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. நம்மிடம் நிலை நேர்மாறு. பத்தர், கோடு, ஆணி, நரம்பு, போர்வை என்று யாழின் உறுப்புகளையும் பண் அமைவையும் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் விரிவாகத் தருகின்றன. ஆனால் பாணர் கையிலிருந்த யாழ் ஒன்றுகூட நமக்கு எஞ்சவில்லை. விபுலாநந்த அடிகள் 'யாழ் நூல்' எழுதி 1947இல் வெளியிட்டபோது, நூற்சொற்களையும் கணக்கையும் கொண்டு இல்லாத கருவியை எழுப்பினார். உர் ஆய்வாளர்கள் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் நூலைத் தேடுகிறார்கள். இரண்டு முயற்சிகளிலும் ஒரே ஒழுக்கம் தேவைப்படுகிறது: சான்று எங்கே முடிகிறது, கணிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை வாசகர் கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். அடிகளிடம் அந்த ஒழுக்கம் இருந்தது. அவருடைய முடிவை ஏற்காதவரும் அவர் கணக்கை அடிதோறும் சரிபார்க்க முடியும்.

5. வூலி கண்டதும் வூலி சொன்னதும்

இனி மரணக்குழிக்கு வருவோம். வூலியின் காட்சிக்கு ஆதாரங்கள் நான்கு. உடல்கள் ஒழுங்கான வரிசையில் கிடந்தன, தலையணிகள் கலையவில்லை, ஆகவே போராட்டம் இல்லை. சிறு கிண்ணங்கள் உடல்களோடு கிடந்தன, 1237இல் ஒரு பெரிய செப்புக் கொப்பரையும் இருந்தது; ஆகவே நஞ்சு. 800இன் குழியில் வில்யாழின்மேல் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடந்தன. ஆகவே அவள் யாழ்ப்பெண். 1237இல் ஒரு பெண்ணின் விரலெலும்புகள் நரம்புகள் இருந்திருக்கும் இடத்தில் இருந்தன. ஆகவே மீட்டியபடியே இறந்தாள்.

ஒவ்வொரு 'ஆகவே'யும் ஒரு பாய்ச்சல். கிண்ணம் இருந்தது உண்மை. அதில் நஞ்சு இருந்ததற்குத் தடயம் இல்லை. விருந்துக் கிண்ணங்கள் சுமேரியப் புதைகுழிகளில் சாதாரணம். ஒழுங்கான வரிசை, அவர்கள் தாமாகவே ஒழுங்காகப் படுத்ததையும் காட்டலாம், வேறு யாரோ ஒழுங்காகக் கிடத்தியதையும் காட்டலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 789இன் பதிவு. அங்கே யாழ்கள் பெண்களின் உடல்கள்மேல் வைக்கப்பட்டிருந்தன என்று வூலியே எழுதுகிறார். உடலின்மேல் கருவி என்றால், உடல் விழுந்த பிறகு கருவி வந்தது என்று பொருள். அதை வைத்தது உயிரோடிருந்த ஒரு கை. வூலி இதைக் கவனிக்காமல் இல்லை. எல்லாரும் மாண்ட பிறகு சிலர் குழிக்குள் இறங்கி விலங்குகளைக் கொன்று, எல்லாம் முறைப்படி இருக்கிறதா என்று பார்த்து, யாழ்களை அந்தப் பெண்கள்மேல் வைத்திருக்கலாம் என்று அவரே விளக்கமும் தருகிறார். அதாவது, குழி பின்னர் ஒழுங்குபடுத்தப்பட்டது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட பிறகு, 1237இன் விரல்கள் மட்டும் ஒழுங்குபடுத்தப்படாதவை என்று எப்படி நம்புவது? யாழை உடலின்மேல் சாய்த்துவைத்த கை, உடலின் கையை யாழின்மேல் எடுத்துவைத்திருக்கவும் கூடும். 1237இன் யாழ்கள் தனித்தனியே வாசிக்கும் நிலையில் இல்லாமல் குழியின் ஓரத்தில் ஒன்றோடொன்று குவிந்து கிடந்ததும் இதற்கே இசைகிறது.

வூலி பொய் சொல்லவில்லை. கண்டதை நேர்மையாகப் பதிந்தார். சொன்ன கதை மட்டும் கண்டதைவிட மென்மையாக இருந்தது. முதல் உலகப்போரில் சிறைப்பட்டு மீண்ட, விவிலியக் கதைகளில் ஊறி வளர்ந்த ஒரு பாதிரியாரின் மகன், விருப்பத்தோடு ஏற்ற சாவை நம்ப விரும்பியதில் வியப்பில்லை. நாம் ஏன் இத்தனை காலம் அதை நம்ப விரும்பினோம் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

6. மண்டையோடுகளின் சாட்சியம்

குழிகளிலிருந்து எடுத்த எலும்புகளில் மிகச் சிலவே பாதுகாக்கப்பட்டன. மெழுகில் பொதிந்து பிலடெல்பியா சென்ற இரண்டு தலைகளை 2009இல் பென்சில்வேனியா ஆய்வாளர்கள் சி.டி. ஸ்கேன் செய்தனர். ஒன்று 789இன் வீரன். மற்றொன்று 1237இன் பெண். ஆப்ரி பாட்ஸ்கார்ட், ஜேனட் மாங்க், ரிச்சர்ட் செட்லர் முதலியோர் 2011இல் 'ஆன்டிக்விட்டி' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். இரண்டு மண்டையோடுகளும் உயிர் பிரியும் வேளையில் கனத்த ஆயுதத்தால் அடிபட்டு உடைந்தவை. எலும்பில் வெப்பம் பட்ட அடையாளமும் பாதரசச் சேர்மத்தின் தடயமும் இருந்தன. உடல் அழுகாமல் இருக்கச் சூடேற்றிப் பதப்படுத்தி, ஆடை அணிகளோடு குழியில் கிடத்தினார்கள் என்பது அவர்கள் முடிவு.

இதை ஏற்றால் வூலியின் காட்சி தலைகீழாகிறது. பதப்படுத்தும் தேவை வந்ததென்றால் சாவுக்கும் அடக்கத்துக்கும் இடையே நாள்கள் கழிந்திருக்கின்றன. குழிக்குள் இறங்கியவர்கள் சாகப் போகிறவர்கள் அல்லர், செத்தவர்களைச் சுமந்தவர்கள். இரண்டு தலைகளை வைத்து நூற்றுக்கணக்கானோரின் சாவை முடிவுசெய்யலாமா என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. எல்லாரும் ஒரே முறையில் கொல்லப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சோதிக்க முடிந்த இரண்டும், வெவ்வேறு குழிகளைச் சேர்ந்த இரண்டும், ஒரே சாட்சியத்தைத் தருகின்றன. நஞ்சுக்கு அத்தகைய சாட்சி ஒன்றுகூட இல்லை.

7. வெள்ளி நாடா

என் முடிவுக்கு எதிரான மிகக் கூரிய சான்றையும் இங்கே வைக்க வேண்டும். பெரும் மரணக்குழியின் பெண்கள் பலர் கூந்தலில் பொன் அல்லது வெள்ளி நாடா அணிந்திருந்தனர். ஒருத்தியின் தலையில் நாடா இல்லை. அவள் இடுப்பருகே வட்டமான சாம்பல்நிறப் பொருள் ஒன்று கிடந்தது. துப்புரவு செய்தபோது அது இறுகச் சுருட்டிய வெள்ளி நாடா என்று தெரிந்தது. வூலி இதற்குச் சொன்ன விளக்கம் புகழ்பெற்றது: அவள் நேரமாகிவிட்டதால் அவசரமாக வந்தாள், நாடாவை முடிந்துகொள்ள நேரமின்றி மடியில் செருகிக்கொண்டாள்.

உடல்களுக்கு இறந்த பிறகு அணிவித்தார்கள் என்றால் அந்த நாடா ஏன் சுருண்டு கிடந்தது? அணிவித்தவர் விட்டுவிட்டார் என்று சொல்லி இதைக் கடந்துபோவது எளிது. எனக்கு அதில் நிறைவில்லை. தாமே அணிந்துகொண்ட பெண் ஒருத்தி, அணிந்து முடிக்கும் முன்பே கொல்லப்பட்டாள் என்ற வாய்ப்பும் இருக்கிறது. அவள் மடியில் இருந்தது இருந்தபடியே உடல் குழிக்கு வந்திருக்கலாம். அப்படியானால் சடங்கின் ஒரு பகுதி அவர்கள் உயிரோடு இருக்கையில், குழிக்கு வெளியே நடந்திருக்கிறது. விருந்தும் யாழிசையும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். நாடா குழிக்குள் இசை ஒலித்ததைக் காட்டவில்லை. அவளுக்கு ஓர் உயிர்ப்பான கடைசி நேரம் இருந்ததை மட்டும் காட்டுகிறது.

8. யாழ் ஏன் குழிக்கு வந்தது

ஒலிக்கவில்லை என்றால் இத்தனை பொன்னையும் நீலக்கல்லையும் ஏன் புதைக்க வேண்டும்? 789இன் யாழின் முன்பலகையில் கிளிஞ்சலில் தீட்டிய நான்கு காட்சிகள் உள்ளன. மேலே, மனிதமுகக் காளைகள் இரண்டைத் தழுவி நிற்கும் வீரன். அடுத்து, இறைச்சி அடுக்கிய மேசையைச் சுமக்கும் விலங்கும், சாடியும் கிண்ணமும் ஏந்திய சிங்கமும். மூன்றாவதில் ஒரு கழுதை காளைத்தலை யாழை மீட்டுகிறது. கரடி அதைத் தாங்கிப்பிடிக்கிறது. சிறு விலங்கொன்று கிலுகிலுப்பை ஆட்டுகிறது. கடைசியில் தேள்மனிதன், அவன் பின்னே கோப்பைகள் ஏந்திய மான்.

இதைக் கேலிச்சித்திரம் என்று சிலர் கருதினர். தேள்மனிதனைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. கில்காமெஷ் காவியத்தில் கதிரவன் உதித்து மறையும் மலைவாயிலைக் காப்பவர்கள் தேள்மனிதர்கள். தாடி வைத்த காளையையும் கதிரவன் உட்டுவோடு தொடர்புபடுத்தும் ஆய்வாளர்கள் உண்டு. உட்டு இரவில் கீழுலகில் பயணம் செய்பவன். பலகை காட்டுவது மனிதர் விருந்து அன்று. எல்லைக்கு அப்பால் விலங்குகள் பரிமாறி விலங்குகள் இசைக்கும் விருந்து. கில்காமெஷின் மரணத்தைப் பாடும் சுமேரியக் கதையிலும் மனைவி, பாடகர், கிண்ணமேந்தி முதலியோர் மன்னனோடு அவன் கல்லறையில் கிடக்கிறார்கள். அது உர் குழிகளுக்குப் பல நூற்றாண்டு பிந்திய பனுவல், ஆகவே நேரடிச் சான்றாகாது. ஆயினும் அரசவை முழுவதையும் மறுபக்கத்துக்கு நகர்த்தும் எண்ணம் அம்மண்ணில் இருந்ததை அது காட்டுகிறது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில், குழி ஒரு நிகழ்ச்சி முடிந்த இடமாகத் தெரியவில்லை; இனி தொடங்க வேண்டிய நிகழ்ச்சிக்குச் செய்த ஆயத்தமாகத் தெரிகிறது. யாழும் யாழ்ப்பெண்ணும் ஒரே காரணத்துக்காக, ஒரே கைகளால் அங்கே வைக்கப்பட்டனர். யாழை வைப்பதற்கு அதை உடைக்க வேண்டியிருக்கவில்லை.

9. எஞ்சிய வேலை

கண்டெடுத்தவை பாக்தாத், லண்டன், பிலடெல்பியா என மூன்று நகரங்களுக்குப் பங்கிடப்பட்டன. பாக்தாதுக்குப் போன பொன் யாழ் 2003 ஏப்ரலில் இராக் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது நொறுக்கப்பட்டது. அதிலிருந்த தலை நகல் என்பதாலும், மூலம் மத்திய வங்கிப் பெட்டகத்தில் இருந்ததாலும் பொற்காளை தப்பியது. உலக நாளிதழ்கள் அந்த யாழுக்காக வருந்தின, வருந்தியது சரிதான். குழிகளில் கிடந்த பெண்களின் எலும்புகளில் பெரும்பகுதி அகழாய்வுக் காலத்திலேயே கைவிடப்பட்டதற்கு அப்படி யாரும் வருந்தியதில்லை. யாழ்களுக்குப் பெயர்கள் உண்டு. உடல்களுக்கு எண்கள்தான்.

பெரும் மரணக்குழிக்கு வெளியான வரைபடத்தில் உடல்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியான சிறு உருவங்களாக வரிசைகட்டி நிற்கின்றன. கை எங்கே இருந்தது, தலை எப்பக்கம் சாய்ந்திருந்தது என்பதை அதிலிருந்து அறிய முடியாது. வூலி குழுவின் களக்குறிப்புகளும் அட்டைகளும் ஒளிப்படங்களும் பிரிட்டிஷ், பென்சில்வேனியா அருங்காட்சியகங்களின் கூட்டுத் திட்டத்தால் இப்போது எண்மவடிவில் எவருக்கும் கிடைக்கின்றன. யாழ்களுக்குக் கீழேயும் பக்கத்திலும் கிடந்த ஒவ்வோர் உடலின் குறிப்பையும் நூலில் அச்சான வரிகளோடு ஒப்பிட்டு, அந்த விரல்கள் பற்றிய செய்தி களத்திலேயே எழுதப்பட்டதா, நூல் எழுதும்போது சேர்ந்ததா என்று பார்ப்பதே அடுத்துச் செய்ய வேண்டிய வேலை.